ஃப்ரிட்ஜில் வைத்த சக்கைக்குரு ஏன் முளைக்கவில்லை? - குலசேகரத்து மரங்கள் சொல்லும் விதைப் பாடம்

போன வருடம் சக்கை சீசன் முடிந்த கையோடு, குலசேகரத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்ற பலா மரத்தை வெட்ட வேண்டிவந்தது. வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்ட வேறு இடமில்லை. எங்கள் ஊரில் பலாவுக்குச் சக்கை என்றுதான் பேர். அது நல்ல வருக்கைச் சக்கை. சுளையை வாயில் போட்டால் 'நறுக்'கென்று இருக்கும், தேன் ஒழுகும். அம்மச்சி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருடம் நட்ட மரம்.

மரம் போனாலும் விதை இருக்கட்டும் என்று 12 குருக்களை எடுத்துக் கழுவி, மொட்டை மாடியில் நான்கு நாள் வெயிலில் காயப்போட்டேன். பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, சென்னைக்குக் கொண்டுவந்து அறை ஃப்ரிட்ஜில் வைத்தேன். நார்வே பக்கம் பனிமலைக்குள் விதைகளைச் சேமிக்கும் பெட்டகம் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டுச் செய்த வேலை அது. 'உலர வை, குளிரில் வை' என்பதுதானே அதன் சூத்திரம்!

இந்த வருடம் இடவப்பாதி மழை தொடங்கியதும் ஊருக்குப் போய் 12 குருக்களையும் நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அதே நாளில் அம்மச்சி, இரண்டு வருடமாக ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பலோடு போட்டு வைத்திருந்த கத்தரி விதையைத் தூவினார். அடுத்த வாரமே பொலபொலவென்று முளைத்து நின்றது.

"சக்கைக்குருவைக் காயப்போட்டா கறிக்குத்தான் ஆவும் மக்ளே, முளைக்க ஆவாது" என்றார் அம்மச்சி.

இரண்டும் விதைதான். ஒன்று பாட்டிலில் இரண்டு வருடம் தாங்கியது. இன்னொன்று ஃப்ரிட்ஜில்கூடச் செத்துப்போனது. ஏன்?

காய்ந்த விதைக்குள் ஒரு மிட்டாய்

கத்தரி, நெல், உளுந்து, வெண்டை போன்றவை முற்றிக் காயும் விதைகள். காயும்போதே உள்ளே ஒரு ஏற்பாடு நடக்கிறது. செல்களில் சில வகைச் சர்க்கரைகளும், உலர்வைத் தாங்க உதவும் புரதங்களும் சேர்கின்றன. தண்ணீர் வெளியேற வெளியேற, செல்லுக்குள் இருக்கும் கூழ் மெல்ல இறுகி, கண்ணாடி போன்ற கெட்டி நிலைக்குப் போகிறது.

நாம் சப்பும் ஆரஞ்சு மிட்டாய் தெரியுமல்லவா? அதுவும் அப்படி இறுகிய சர்க்கரைதான். இறுகிய நிலையில் எதுவும் அசையாது. வேதிவினைகள் மிக மிக மெதுவாகவே நடக்கும். விதைக்குள் இருக்கும் குட்டிச் செடியான முளைக்கரு, ஏறக்குறைய மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது. ஈரம் பட்டதும் கண்ணாடி இளகி, உயிர் ஓட ஆரம்பிக்கிறது.

அதே மிட்டாயை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? பிசுபிசுத்துவிடும். விதையும் அப்படித்தான். சேமிப்பில் ஈரம் ஏறினால், முளைக்கப் போதுமான தண்ணீரும் இருக்காது, உறங்கப் போதுமான காய்ச்சலும் இருக்காது. அந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் விதைக்கு வேகமாக வயதாகிறது.

விதைக்கு வயதாவது எப்படி?

மனிதர்களுக்கு நரை விழுவது போல விதைக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எல்லாம் உள்ளேதான். செல் சவ்வுகளில் உள்ள கொழுப்பு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிக்கெடுக்கத் தொடங்குகிறது. பழைய கடலை எண்ணெயில் வரும் அதே காரல்தான். நிலக்கடலை, சோயா போன்ற எண்ணெய் வித்துகள் சீக்கிரமே முளைப்பு இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே புரதங்கள் சிதைகின்றன. மரபணு இழைகளில் சின்னச் சின்ன முறிவுகள் விழுகின்றன.

தண்ணீர் கிடைத்ததும் விதை செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, இந்த முறிவுகளை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது. சேதம் கொஞ்சமாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் தாமதமாக முளைக்கும். அதிகமானால் நாற்று நோஞ்சானாக வரும். இன்னும் அதிகமானால் முளைக்கவே முளைக்காது.

இது ஒரே சீராக நடப்பதில்லை. எங்கள் திருப்பரப்புக்கு வந்தவர்களுக்குச் சொன்னால் புரியும். அங்கே ஆறு அகலமான பாறை மேல் ஏறக்குறைய சமதளமாக ஓடி வந்து, பிறகு சட்டென்று அருவியாக விழும். விதை மூட்டையின் முளைப்புத் திறனும் அப்படித்தான். பல மாதங்கள் பெரிதாகக் குறையாமல் இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் மளமளவென்று சரியும். 'போன பட்டத்தில் நன்றாகத்தானே முளைத்தது' என்று நம்பி விதைத்து ஏமாறுவது இதனால்தான்.

இதற்கு ஒரு தோராயக் கணக்கும் உண்டு. அமெரிக்க விதையியல் அறிஞர் ஹாரிங்டன் சொன்னது. விதையின் ஈரப்பதம் 1 சதவிகிதம் குறைந்தால் சேமிப்பு ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும். அதாவது, 13 சதவிகித ஈரப்பதமுள்ள நெல்லை 10 சதவிகிதத்துக்குக் காயவைத்தால் ஆயுள் 8 மடங்கு. அதையே 30 டிகிரி அறையிலிருந்து 20 டிகிரி அறைக்கு மாற்றினால் இன்னும் 4 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 32 மடங்கு! ஈரப்பதம் 5 முதல் 14 சதவிகிதத்துக்குள் இருக்கும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும்.

ஃப்ரீசர் இல்லாத காலத்தின் கோட்டை

இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் காற்றில் எப்போதும் ஈரம்தான். அப்பளமே நமத்துப்போகும் ஊரில், நாஞ்சில் நாட்டு விவசாயிகள் நெல் விதையை எப்படிக் காப்பாற்றினார்கள்?

விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, வைக்கோலுக்குள் பொதிந்து, வைக்கோல் பிரியால் இறுக்கி உருண்டையாகக் கட்டி, மேலே சாணியும் மண்ணும் பூசி வைப்பார்கள். அதற்குப் பெயர் கோட்டை. நெல்லை அளக்கவும் நாஞ்சில் நாட்டில் 'கோட்டை' என்ற கணக்கே இருந்தது. ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். பூச்சு காய்ந்ததும் வெளி ஈரமும் பூச்சியும் எளிதில் உள்ளே போகாது. பயறு வகைக்குச் சாம்பல், காய்கறி விதைக்கு அடுப்படி மேல் தொங்கும் உறி... எல்லாமே ஈரத்தைத் தள்ளி வைக்கும் வழிகள்தான்.

ஆனால், கோட்டை பல ஆண்டுகளுக்கான ஏற்பாடு கிடையாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இங்கே இரண்டு போகம். ஒரு போகத்தில் எடுத்த விதை அடுத்த போகம் வரையோ, அடுத்த வருடம் வரையோ தாங்கினால் போதும். விதைக்கு வயதாவதற்குள் அதை மறுபடி மண்ணில் போட்டுப் புது விதை எடுத்துவிடுவார்கள். நூற்றாண்டுகளாக நெல் ரகங்கள் பிழைத்தது இப்படித்தான். விதைப்பதை நிறுத்திய ரகங்கள் சில வருடங்களிலேயே காணாமல் போனதும் இதனால்தான்.

இந்தச் சங்கிலியைத் திரும்ப ஒட்டவைத்தவர்களில் முக்கியமானவர் மறைந்த நெல் ஜெயராமன். 174 பாரம்பரிய நெல் ரகங்களை அவர் மீட்டெடுத்தார். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்தால், அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வயலையே விதை வங்கியாக்கிய திட்டம் அது.

2,000 வயது பேரீச்சை

காய்ச்சலும் சரியான இடமும் அமைந்தால் விதை எவ்வளவு காலம் தாங்கும்? இஸ்ரேலில் மசாடா என்ற பழைய மலைக்கோட்டையில், 1960-களில் நடந்த அகழாய்வில் பேரீச்சை விதைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை 2005-ல் நட்டார்கள். சுமார் 2,000 ஆண்டு பழைய அந்த விதை முளைத்தது! 'மெத்துசலா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பாலைவனத்தின் வறண்ட காற்றுதான் அதைக் காப்பாற்றியது.

சீனாவில் பழைய ஏரிப் படுகையிலிருந்து எடுத்த தாமரை விதை, சுமார் 1,300 ஆண்டுகளுக்குப் பிறகு முளைத்திருக்கிறது. தோவாளைப் பூச்சந்தைக்கு வரும் தாமரையின் சொந்தக்காரர்தான் அதுவும். கல் மாதிரி கெட்டியான விதைத்தோல் அதன் பலம்.

அமெரிக்காவின் மிச்சிகனில், 1879-ல் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 20 பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து மண்ணுக்குள் புதைத்தார். அந்த ஆய்வு இன்னும் முடியவில்லை! 2021-ல் ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து நட்டபோது, 142 ஆண்டுகளுக்குப் பிறகும் வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் முளைத்தன. அடுத்த பாட்டில் 2040-ல்.

இயற்கையில் தற்செயலாக நடப்பதைத் திட்டமிட்டுச் செய்வதுதான் விதை வங்கி. டெல்லி பூசா வளாகத்தில் உள்ள தேசிய தாவர மரபணு வளப் பணியகத்தின் மரபணு வங்கியில், நாலரை லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள் மைனஸ் 18 டிகிரியில் இருக்கின்றன. நான் வீடியோவில் பார்த்த நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகம் 2008-ல் திறக்கப்பட்டது. சிரியா போரால் அலெப்போ நகர விதை வங்கியில் வேலை செய்ய முடியாமல் போனபோது, அதன் விஞ்ஞானிகள் 2015-ல் ஸ்வால்பார்டிலிருந்து தங்கள் விதைகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். பெருக்கியதில் ஒரு பங்கைத் திரும்பவும் பெட்டகத்தில் வைத்தார்கள்.

அங்கேயும் விதைக்கு வயதாகத்தான் செய்கிறது, வேகம்தான் குறைவு. அதனால் வங்கிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சில விதைகளை எடுத்து முளைக்கவைத்துப் பார்க்கின்றன. ஆரம்ப முளைப்புத் திறனில் 85 சதவிகிதத்துக்குக் கீழே போனால், மறுபடி வயலில் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதிமுறை.

உறங்கத் தெரியாத விதைகள்

சரி, இத்தனை வசதியிலும் என் சக்கைக்குரு ஏன் தோற்றது?

பலா மழைக்காட்டு மரம். பழம் பழுத்து விழும் இடத்தில் ஈரமும் சூடும் எப்போதும் இருக்கும். காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாததால், அதன் விதை உறங்கப் பழகவில்லை. எடையில் பாதியளவு தண்ணீரோடுதான் வெளியே வருகிறது. உடனே முளைக்கத் தயாராக நிற்கிறது. காயவைத்தால் செல்கள் சுருங்கி, சவ்வுகள் கிழிந்து செத்துப்போகும். ஈரத்தோடு ஃப்ரீசரில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஐஸ் ஊசிகளாக மாறிச் செல்லைக் குத்திக் கிழிக்கும். இந்த வகை வெப்பமண்டல விதைகள் பலவற்றுக்கு ஃப்ரிட்ஜின் சாதாரணக் குளிரே ஆகாது. ஆக, நான் செய்தது இரட்டைத் தப்பு.

விஞ்ஞானிகள் 1973 முதல் விதைகளை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். உலர்வைத் தாங்குபவை 'ஆர்த்தடாக்ஸ்', தாங்காதவை 'ரீகால்சிட்ரன்ட்'. இரண்டுக்கும் நடுவில் காபி போன்ற சில உண்டு. இப்போது குலசேகரத்துத் தோட்டங்களைச் சுற்றிப் பாருங்கள். பலா, மா, ரப்பர், தென்னை, பாக்கு, கொக்கோ, ஜாதிக்காய், ரம்புட்டான், மங்குஸ்தான், மலைப்பக்கம் கிராம்பு... வரிசையாக எல்லாமே உலர்ந்தால் சாகும் விதைகள்! 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரி கிராம்பின் விதையை எந்தப் பனிமலைப் பெட்டகத்திலும் வைக்க முடியாது. 2023-ல் குறியீடு பெற்ற மட்டி வாழைக்கோ முளைக்கும் விதையே கிடையாது.

70,000-ல் 2,700

எங்கள் ஊரின் பொருளாதாரமே ரப்பர்தான். அந்த ரப்பர் ஆசியாவுக்கு வந்த கதையே ஒரு விதைச் சாவுக் கதை.

பிரேசிலிலிருந்து ரப்பர் விதையைக் கொண்டுவர பிரிட்டிஷ்காரர்கள் தவம் கிடந்தார்கள். 1873-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு வந்த சுமார் 2,000 விதைகளில் முளைத்தவை வெறும் 12. பிறகு 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்பவர், அமேசான் காட்டில் சேகரித்த 70,000 விதைகளைக் காய்ந்த வாழையிலைகளுக்கு இடையே அடுக்கிக் கப்பலேற்றினார். ஜூன் மாதம் கியூவில் இறங்கிய கையோடு எல்லாவற்றையும் விதைத்தார்கள். முளைத்தவை சுமார் 2,700. நூற்றுக்கு 96 விதைகள் போச்சு!

பிழைத்த கன்றுகளில் 1,900-க்கும் மேற்பட்டவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை, அந்தக் கப்பலில் சாகாமல் தப்பித்த ஒரு கைப்பிடி விதைகள்தான்.

இன்றைக்கும் ரப்பர் விதையின் குணம் மாறவில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் வெயில் ஏறும் நேரம் தோட்டத்துக்குள் நடந்தால், 'டப் டப்' என்று காய் வெடிக்கும் சத்தம் கேட்கும். புள்ளி போட்ட வழுவழுப்பான விதைகள் நாலாபக்கமும் தெறிக்கும். சின்ன வயதில் அதைத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அடி வாங்கியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். நாற்றுப்பண்ணைக்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் விளையாட நேரமிருக்காது. விழுந்த விதையை உடனுக்குடன் பொறுக்கி, சில நாட்களுக்குள் பாவ வேண்டும். சில வாரம் சும்மா கிடந்தால் பெரும்பாலானவை செத்துவிடும். ஈரமான கரித்தூளில் புதைத்து வைத்தால் இன்னும் கொஞ்சநாள் தாங்கும், அவ்வளவுதான்.

நல்ல ரகம் ரப்பர் கன்று என்பது இந்த விதைநாற்றின் மேல் மொட்டு ஒட்டி எடுப்பதுதான். அந்த வருட விதையை அந்த வருடமே பிடித்தாக வேண்டும். போன வருடத்து மிச்சம் என்று ஒன்று ரப்பரில் கிடையாது.

அப்போ என்ன வழி?

ரீகால்சிட்ரன்ட் விதைகளுக்கு விஞ்ஞானம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. முழு விதையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் முளைக்கருவின் சின்னஞ்சிறு அச்சை மட்டும் பிரித்தெடுத்து, வேகமாக உலர்த்தி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைக்கிறார்கள். அவ்வளவு வேகத்தில் உறைந்தால் ஐஸ் ஊசி உருவாக நேரமிருக்காது. டெல்லி பணியகத்தில் பலா, தேயிலை போன்றவற்றில் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால், ஒவ்வொரு பயிருக்கும் பக்குவம் வேறு; செலவும் உழைப்பும் அதிகம்.

வாழைக்குத் திசு வளர்ப்புக் குழாய்கள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் லூவன் நகரில் உள்ள உலக வாழை வங்கியில் 1,600-க்கும் மேற்பட்ட வகைகள் இப்படிக் குழாய்களில் வளர்கின்றன. தென்னைக்கும் மாவுக்கும் தோட்ட வங்கிதான் பெரும்பாலும் வழி. அதாவது மரத்தையே நட்டு, மரமாகவே காப்பாற்றுவது. புயலோ பூச்சியோ வந்தால் அதுவும் போகும்.

இது எங்கள் ஊர்ப் பிரச்னை மட்டும் கிடையாது. உலகில் அழிவின் விளிம்பில் நிற்கும் தாவர இனங்களில் சுமார் 36 சதவிகிதமும், மர இனங்களில் மூன்றில் ஒரு பங்கும் இப்படி உலரத் தாங்காத விதைகளைக் கொண்டவையாக இருக்கலாம் என்று கியூ விஞ்ஞானிகள் 2018-ல் கணக்கிட்டார்கள்.

அப்படிப் பார்த்தால் குமரி மாவட்டத்து வீட்டு விளைகளில் தனித்தனியாக நிற்கும் ஒவ்வொரு பழைய வருக்கைச் சக்கையும், ஒவ்வொரு செங்கவருக்கை மாவும் தனக்குத்தானே வங்கி. ரப்பர் போடவும், மனை பிரிக்கவும், என் வீட்டைப் போல அறை கட்டவும் அந்த மரம் சாய்ந்தால், அந்தச் சுவைக்கு வேறு எங்கும் நகல் இல்லை. பலாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மகரந்தம் வேறு மரத்திலிருந்தும் வருவதால், கொட்டையிலிருந்து முளைப்பது தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வருக்கையின் குருவிலிருந்து கூழன் வரலாம்! அதே ருசி வேண்டுமென்றால், மரம் நிற்கும்போதே கிளையெடுத்து ஒட்டுக் கட்ட வேண்டும்.

விதை சேமிப்பவர்கள் கவனத்துக்கு

* கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, பூசணி, பயறு, கீரை விதைகளைத் தாராளமாகச் சேமிக்கலாம். காலை, மாலை வெயிலில் காயவையுங்கள், உச்சிவெயில் வேண்டாம்.

* காற்றுப் புகாத பாட்டிலின் அடியில் வறுத்து ஆறிய அரிசியை ஒரு துணி முடிச்சாகப் போடுங்கள். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பாட்டில் மேல் விதையின் பெயரும் தேதியும் அவசியம்.

* ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டிலை எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் விதை மேல் வியர்க்காது.

* விதைக்கும் முன் 100 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவிகிதம்.

* கடையில் விதை வாங்கும்போது பாக்கெட்டிலுள்ள பரிசோதனைத் தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

* பலா, மா, ரம்புட்டான், ஜாதிக்காய் விதைகளைக் காயவைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பழம் தின்ற அன்றே நடுங்கள். வெளியூர் கொண்டுபோக வேண்டுமென்றால், ஈரமான மரத்தூளிலோ தேங்காய் நார்த்தூளிலோ பொதிந்து, காற்றோட்டமுள்ள பையில் எடுத்துச் செல்லுங்கள்.

* வீட்டில் பழைய நல்ல மரம் இருந்தால், வெட்டுவதற்கு ஒரு வருடம் முன்பாவது ஒட்டுக் கட்டத் தெரிந்த நாற்றுப்பண்ணைக்காரரிடம் பேசுங்கள்.

கடைசிக் குறிப்பை நான் ஒரு வருடம் முன்பே படித்திருந்தால், அம்மச்சியின் மரம் இன்று ஏதாவது ஒரு பூந்தொட்டியில் ஒட்டுக்கன்றாக நின்றிருக்கும்.

ஒரே ஆறுதல், பல வருடங்களுக்கு முன் அம்மச்சி அந்தச் சக்கையின் குருவைப் பக்கத்து விளை அத்தைக்கு நடக் கொடுத்திருக்கிறார். பழம் வெட்டிய கையோடு, ஈரம் காயாமல். அந்த மரம் இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருக்கிறது. வருக்கையா, கூழனா என்று வெட்டினால்தான் தெரியும். எதுவாக இருந்தாலும், குருவைக் காயவைக்காமல் எனக்கு ஒன்றிரண்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.